சலுகை விலையில் மளிகை வாங்கும்போது வீட்டின் உடல்நலத்தைக் காப்பது எப்படி?

பல்பொருள் அங்காடியில் விலைச் சலுகை எல்லாப் பொருள்களுக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. பிஸ்கட், சிப்ஸ், குளிர்பானம், உடனடி நூடுல்ஸ், சாக்லேட், சமையல் எண்ணெய் ஆகியவற்றுக்கு ஏதாவது ஒரு சலுகை எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். கீரைக்கும் வாழைத்தண்டுக்கும் அப்படி ஒரு அட்டையைப் பார்ப்பது அரிது. மாதக்கணக்கில் கெடாமல் அலமாரியில் இருக்கக்கூடியதும், மைதா, சர்க்கரை, பாமாயில் போன்ற மலிவான மூலப்பொருள்களால் ஆனதும், ஒரே ஆலையில் லட்சக்கணக்கில் தயாராவதுமான பொருளில்தான் விலையைக் குறைத்துக் காட்ட இடம் இருக்கிறது. அந்தக் குறைப்பின் செலவையும் பல நேரங்களில் கடை ஏற்பதில்லை; தயாரிப்பு நிறுவனமே ஏற்கிறது. முருங்கைக்காய்க்காக அப்படிச் செலவு செய்ய யாரும் இல்லை.

இதன் விளைவு பெரியது. பிரிட்டனின் அரசுச் சுகாதார அமைப்பாக இருந்த பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து 2015-இல் வெளியிட்ட சர்க்கரை பற்றிய அறிக்கை, அந்நாட்டு மக்கள் வீட்டு உணவுக்காகச் செலவிடும் தொகையில் ஏறக்குறைய 40 சதவீதம் சலுகைப் பொருள்களுக்கே போகிறது என்றும், சலுகைகளால் மக்கள் வாங்கும் உணவின் அளவு ஏறக்குறைய 22 சதவீதம் கூடுகிறது என்றும் கணக்கிட்டது. சலுகையின் பயனாக மக்கள் வேறு செலவுக்குப் பணம் மிச்சம் பிடிப்பதைவிட, கூடுதலான உணவை வீட்டுக்குக் கொண்டுவருவதே அதிகம் என்பது இதிலிருந்து தெரிகிறது. நம் நாட்டின் நிலையும் கவலைக்குரியதுதான். சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது, பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. புதுச்சேரியில் நீரிழிவு 26.3 சதவீதம், அதாவது நான்கில் ஒருவருக்கு மேல்.

சலுகைகளை முழுவதும் ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மாத வருமானத்தில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கே போகும் வீடுகளில் பத்து ரூபாய் குறைவதும் பெரிய உதவிதான். சலுகை வீட்டுக்குள் கொண்டுவரும் அளவைக் கடையின் அட்டை முடிவு செய்யாமல் நாமே முடிவு செய்ய என்ன வழி என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

வீட்டின் மாத அளவைக் கணக்கிடுதல்

கடைக்குக் கிளம்பும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை இது. இதை ஒருமுறை செய்துவிட்டால் பல மாதங்களுக்குப் பயன்படும். எண்ணெய், சர்க்கரை, உப்பு ஆகிய மூன்றுக்கும் உங்கள் வீட்டுக்கு ஒரு மாதத்துக்கு எவ்வளவு போதும் என்று கணக்கிட்டு, ஒரு தாளில் எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு எண்ணெயும் கொழுப்பும் சேர்த்து 27 கிராம் போதும் என்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு முப்பது நாளைக்கு இது 3,240 கிராம், அதாவது ஏறத்தாழ மூன்றரை லிட்டர். தாளிக்கும் எண்ணெய், தோசைக்கு ஊற்றும் நல்லெண்ணெய், நெய், வெண்ணெய் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். பஜ்ஜி, வடை வெளியில் வாங்கிச் சாப்பிட்டால் அந்த எண்ணெயும் இந்தக் கணக்கில்தான் வரும். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் அளவு இன்னும் குறையும். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு "ஐந்து லிட்டர் கேன் வாங்கினால் ஒரு லிட்டர் இலவசம்" என்ற அட்டையைப் பாருங்கள். ஆறு லிட்டர் என்பது நான்கு பேருக்கு ஏறக்குறைய ஏழு வாரத்துக்கான எண்ணெய். அது ஒரே மாதத்தில் தீர்ந்துவிடும் வீடுகள் பல உண்டு. கேன் பெரிதாக இருந்தால் ஊற்றும் கையும் தாராளமாகிவிடுகிறது.

சர்க்கரையின் கணக்கு இன்னும் கடுமையானது. வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை, வெல்லம், தேன் போன்றவை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றும், 5 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. 5 சதவீதம் என்பது ஏறத்தாழ 25 கிராம். காலை, மாலை இரண்டு வேளையும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்டுக் காபி குடிப்பவருக்கு அதிலேயே 16 முதல் 20 கிராம் போய்விடுகிறது. அன்றைக்கு மிச்சம் இருப்பது ஒரு தேக்கரண்டியோ இரண்டோதான். நான்கு பேருக்கு மாதம் 3 கிலோ என்பது காதுக்குத் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் அதில் காபி, தேநீர், பாயசம், பிஸ்கட், ஜாம், தக்காளி சாஸ், குளிர்பானம் எல்லாம் அடக்கம். 100 மில்லியில் ஏறத்தாழ 11 கிராம் சர்க்கரை உள்ள கோலா வகைப் பானத்தின் இரண்டு லிட்டர் புட்டியில் 220 கிராம் இருக்கும். அதை நான்கு பேர் பகிர்ந்து குடித்தால் ஆளுக்கு 55 கிராம், இரண்டு நாளைக்கு உரிய அளவைவிடக் கூடுதல். "இரண்டு புட்டி எடுத்தால் பாதி விலை" என்பதை இந்தக் கணக்கோடுதான் எடைபோட வேண்டும்.

உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். நான்கு பேருக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் அது இருபத்தைந்து நாளில் தீர்ந்தால், அதற்கு மேல் ஊறுகாய், அப்பளம், வற்றல், சிப்ஸ் எதிலும் சலுகை பார்க்கவே இடமில்லை என்று பொருள். சோடியம் குறைத்த உப்பு வகைகளும் இப்போது சலுகையில் வருகின்றன. அவற்றில் பொட்டாசியம் சேர்ந்திருப்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் பொட்டாசியம் அளவைப் பாதிக்கும் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அவற்றை வாங்கக் கூடாது.

இருந்தால் தீரும் பொருளும் தேவைக்குத் தீரும் பொருளும்

எந்தச் சலுகையைப் பார்த்தாலும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இந்தப் பொருள் வீட்டில் கூடுதலாக இருந்தால் கூடுதலாகத் தீருமா என்பதுதான். துவரம் பருப்பு மூன்று கிலோ வாங்கி வைத்தாலும் வீட்டில் சாம்பார் நாளைக்கு மூன்று வேளை வைப்பதில்லை. மிளகு, சீரகம், மஞ்சள்தூள், சோப்பு, துணி துவைக்கும் தூள் ஆகியவையும் அப்படித்தான். அவை தேவைக்குத் தகுந்தபடியே தீரும். அவற்றைச் சலுகையில் வாங்கினால் மிச்சமாகும் பணம் உண்மையிலேயே மிச்சம்.

கிரீம் பிஸ்கட், மிக்சர், சாக்லேட், ஐஸ்கிரீம், குளிர்பானம் ஆகியவை வேறு வகை. இவை வீட்டில் இருந்தாலே தீர்ந்துவிடும். ஒரு பாக்கெட் மூன்று நாள் வரும் வீட்டில் இரண்டு பாக்கெட் இருந்தால் ஆறு நாள் வராது. நான்காம் நாளே இரண்டும் காலியாகி, அடுத்த பாக்கெட்டுக்குக் குழந்தைகள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்பதில் பாதி விலைக்குக் கிடைத்ததுபோல் தோன்றினாலும், மாத முடிவில் பார்த்தால் செலவு பாதியாகக் குறைந்திருக்காது, தின்ற அளவோ கூடியிருக்கும். ஆகவே இந்த இரண்டாம் வகைப் பொருளில் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லும் எந்தச் சலுகையையும் ஏற்காதீர்கள். ஒரே பாக்கெட்டின் விலையை நேரடியாகக் குறைத்திருந்தால் மட்டும், முன்பே வாங்க நினைத்திருந்த அந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்து அரசும் தன் சட்டத்தை வகுத்தபோது இதே வேறுபாட்டைத்தான் பார்த்தது. 2025 அக்டோபர் 1 முதல் அங்கே 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள், கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த குறிப்பிட்ட வகைப் பொருள்களுக்கு "ஒன்றுக்கு ஒன்று இலவசம்", "மூன்றை இரண்டின் விலைக்கு" போன்ற சலுகைகளைத் தரக் கூடாது. ஒரு பொருளின் விலையை நேரடியாகக் குறைப்பதை அந்த விதி தடுக்கவில்லை. கூடுதலாக வாங்க வைக்கும் சலுகையைத்தான் தடுக்கிறது. இந்தியாவில் அப்படி ஒரு விதி இல்லாததால், அதை வீட்டளவில் நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"1,500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ஒரு கிலோ சர்க்கரை ஒரு ரூபாய்" என்ற வகைச் சலுகை தனியாகக் கவனிக்கத் தக்கது. இதில் இரண்டு தூண்டுதல்கள் இருக்கின்றன. பில் 1,320 ரூபாயில் நிற்கும்போது மீதி 180 ரூபாய்க்கு எதையாவது எடுக்கத் தோன்றும். பில் போடும் வரிசையில் நிற்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பெரும்பாலும் சாக்லேட்டும் சிப்ஸும்தான். அதற்கு மேல் பரிசாக வருவதும் சர்க்கரை. பில்லை நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றால் பருப்பையோ சோப்பையோ எடுத்து நிரப்புங்கள். வந்த சர்க்கரையை அடுத்த மாதப் பட்டியலிலிருந்து கழித்துவிடுங்கள்.

விலையைச் சரியாக ஒப்பிடுதல்

பாக்கெட்டில் அச்சிடப்பட்டிருக்கும் அதிகபட்சச் சில்லறை விலை ஓர் உச்சவரம்புதான். "எம்.ஆர்.பி.யில் 40 சதவீதம் தள்ளுபடி" என்ற அட்டையைப் பார்த்ததும், அந்தப் பொருள் வழக்கமாக அந்த எம்.ஆர்.பி.க்கே விற்கப்பட்டது என்று எண்ணிவிடக் கூடாது. பல பொருள்கள் ஆண்டு முழுவதும் தள்ளுபடியில்தான் விற்கின்றன. போன மாதப் பில்லைப் பத்திரமாக வைத்திருந்து ஒப்பிட்டாலே உண்மையான குறைப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இதைவிடப் பயனுள்ளது அலகு விலை. பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகளில் 2021-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பாக்கெட்டின் மேல் ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராம் கணக்கிலும், அதற்கு மேற்பட்டதில் கிலோ கணக்கிலும் இருக்கும். எடுத்துக்காட்டாக, 400 கிராம் பாக்கெட் 96 ரூபாய் என்றால் கிராமுக்கு 0.24 ரூபாய், அதாவது கிலோ 240 ரூபாய். பக்கத்திலேயே "குடும்பப் பாக்கெட்" என்ற பெயரில் இருக்கும் ஒன்றரைக் கிலோ பாக்கெட் 390 ரூபாய் என்றால் கிலோ 260 ரூபாய் ஆகிறது. பெரியது எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையை இந்த ஓர் எண் உடைத்துவிடும். எண்ணெய் வாங்கும்போது இதை அவசியம் பாருங்கள். ஒரு லிட்டர் போலவே தோன்றும் பாக்கெட்டில் 800 அல்லது 850 மில்லி மட்டும் இருப்பதுண்டு.

வரிக் குறைப்பும் ஒரு வகையில் சலுகையாகவே வந்து சேர்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும், பாக்கெட் மிக்சர் வகைகள், நூடுல்ஸ் ஆகியவற்றுக்கு 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும் குறைந்தது. சர்க்கரை சேர்த்த காற்றேற்றிய குளிர்பானங்களுக்கு மட்டும் 40 சதவீதம் நீடிக்கிறது. குடும்பத்தின் செலவைக் குறைக்கும் நோக்கம் நல்லதுதான். ஆனாலும் பிஸ்கட்டும் சாக்லேட்டும் மலிவாவதன் விலையை நம் பிள்ளைகளின் உடல் கொடுக்க நேரும் என்ற கவலை எனக்கு உண்டு. விலை குறைந்ததற்காக அளவைக் கூட்டாமல், பழைய அளவையே வாங்கி, மிச்சத்தைப் பழத்துக்குச் செலவிடுவது நல்லது.

பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கும் முறை

சலுகை அட்டை முன்பக்கத்தில் இருக்கும். உண்மை பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளின்படி, சேர்மானங்கள் எடையின் இறங்குவரிசையில் எழுதப்பட வேண்டும். ஆகவே முதலில் எழுதியிருப்பதுதான் அதிகம் இருப்பது. "ராகி பிஸ்கட்" என்று பெயர் வைத்து, முதல் சேர்மானம் மைதா, இரண்டாவது சர்க்கரை, மூன்றாவது பாமோலின் என்று எழுதியிருந்தால், அதை ராகிக்காக வாங்குவதில் பயனில்லை. ராகிக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். குளூக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் ஆகிய பெயர்களில் வருவனவும் சர்க்கரையே.

அடுத்தது ஊட்டச்சத்து அட்டவணை. 150 கிராம் கிரீம் பிஸ்கட் பாக்கெட் ஒன்று "ஒன்றுக்கு ஒன்று இலவசம்" என்ற சலுகையில் இருப்பதாகக் கொள்வோம். அட்டவணையில் 100 கிராமுக்குச் சர்க்கரை 34 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 9.5 கிராம் என்று இருக்கிறது. பக்கத்துப் பத்தியில், ஒரு பரிமாறல் என்பது இரண்டு பிஸ்கட், 20 கிராம் என்று வரையறுத்து, அதில் உள்ள சேர்த்த சர்க்கரை ஒரு நாள் தேவையில் 14 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்த 14 சதவீதம் ஒரு நாளைக்கு 50 கிராம் சர்க்கரை என்ற அடிப்படையில் போட்டது. நாம் சுவரில் ஒட்டிய 25 கிராம் கணக்கில் அது 27 சதவீதம் ஆகிவிடும். இரண்டு பிஸ்கட்டோடு எழுந்துவிடும் குழந்தையைக் காண்பது அரிது என்பதால், பரிமாறல் பத்தியை விட்டுவிட்டு 100 கிராம் பத்தியை எடுத்துப் பாக்கெட்டின் எடையால் கணக்கிட வேண்டும். ஒரு பாக்கெட்டில் 51 கிராம் சர்க்கரை. இலவசப் பாக்கெட்டையும் சேர்த்தால் 102 கிராம். நிறைவுற்ற கொழுப்பு இரண்டிலும் சேர்த்து 28.5 கிராம், லேபிள் விதிகள் ஒரு நாளைக்கு அடிப்படையாகக் கொள்ளும் அளவே 22 கிராம்தான். பாதி விலையில் நீங்கள் வண்டியில் வைத்தது, ஒரு ஆளுக்கு நான்கு நாளைக்கு உரிய சர்க்கரை.

உப்பைப் பொறுத்தவரை அட்டவணையில் சோடியம் என்றுதான் இருக்கும். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். 100 கிராமில் 1,200 மில்லிகிராம் சோடியம் உள்ள நூடுல்ஸின் 70 கிராம் பாக்கெட்டில் 840 மில்லிகிராம் சோடியம் இருக்கும், அது 2.1 கிராம் உப்பு, ஒரு நாளைக்கு உரியதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல். கைபேசியிலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். வழக்கமாக வாங்கும் ஏழெட்டுப் பொருள்களுக்கு ஒருமுறை போட்டு வைத்தால் போதும்.

சலுகையில் தாராளமாக வாங்கத் தக்கவை

கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, காராமணி, உளுந்து, துவரம் பருப்பு ஆகியவை எந்தச் சலுகையில் வந்தாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு வாங்கலாம். வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஈரமில்லாத டப்பாவில் இறுக மூடி வைத்தால் வண்டு விழாது. குடும்ப அட்டை உள்ளவர்கள் முதலில் நியாய விலைக் கடையை நினைத்துக்கொள்ள வேண்டும். அங்கே கிலோ 30 ரூபாய்க்குத் தரப்படும் துவரம் பருப்பின் விலைக்கு எந்தத் தனியார் சலுகையும் வருவதில்லை. அதே கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலும் மாதம் மூன்றரை லிட்டர் என்ற கணக்குக்குள்தான் வர வேண்டும்.

சிறுதானியத்தை முழுத் தானியமாக வாங்குங்கள். கம்பு மாவைச் சலுகை என்று இரண்டு மூன்று கிலோ வாங்கி வைத்தால், அதிலுள்ள கொழுப்புச் சிதைந்து சில நாள்களிலேயே சிக்கு வாடையும் கசப்பும் வந்துவிடும். வீட்டார் "கம்பே பிடிக்கவில்லை" என்று ஒதுங்க அந்த ஒருமுறையே காரணமாகிவிடுகிறது. முழுக் கம்பு மாதக்கணக்கில் கெடாது; வேண்டியபோது அரைத்துக்கொள்ளலாம். நிலக்கடலையும் நல்ல வாங்கல்தான். பூஞ்சை பிடித்தது, சுருங்கியது, நிறம் மாறியது தெரிந்தால் அந்தப் பருப்புகளைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். பூஞ்சையின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

காய்கறிக்குப் பேரங்காடியின் சலுகையைவிடச் சந்தையின் பருவம்தான் உண்மையான விலைக்குறைப்பு. தக்காளி வரத்துக் கூடும் வாரத்தில் தக்காளி, மாம்பழக் காலத்தில் மாம்பழம், கொய்யா குவியும்போது கொய்யா என்று வாங்கினாலே காய்க்கும் பழத்துக்கும் ஆகும் செலவு குறையும். 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகளில் அன்றன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பேரங்காடிக்குப் போனால், அங்கே "தள்ளுபடி" என்று எழுதியிருப்பது தள்ளுபடிதானா என்பது விளங்கிவிடும்.

நாள் நெருங்கிய பொருள்களுக்குச் சலுகை கொடுப்பது தவறில்லை. உணவு குப்பைக்குப் போகாமல் காப்பது நல்ல செயலே. தயிர், ரொட்டி, பன்னீர் ஆகியவற்றை அன்று இரவோ மறுநாள் காலையோ சாப்பிட்டுவிடுவதானால் வாங்கலாம். குளிர்பெட்டிக்கு வெளியே கூடையில் குவித்து வைத்திருக்கும் பன்னீரையும் பால்பொருளையும் எந்த விலைக்கும் தொடாதீர்கள்.

கடைக்குள் நடக்கும் வழி

பசியோடு போகாதீர்கள், பட்டியல் இல்லாமல் போகாதீர்கள் என்பதை எல்லாரும் அறிவார்கள். அதைவிட முக்கியம் கடையின் அமைப்பை அறிந்து நடப்பது. நுழைவாயில், வரிசைகளின் முனை, பில் போடும் இடம் ஆகிய மூன்றும் கடையில் அதிக விலைமதிப்புள்ள இடங்கள். அங்கே இருப்பவை நிறுவனங்கள் விற்க விரும்புபவை. இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல் 2,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கடைகளில் இந்த மூன்று இடங்களிலும் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த குறிப்பிட்ட பொருள்களை வைக்கக் கூடாது என்று விதித்திருக்கிறார்கள். நம் நாட்டில் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் அப்படிப்பட்ட பொருள்களைப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று 2020-இல் விதி வந்திருக்கிறது. அதே பிள்ளை மாலையில் பெற்றோருடன் பேரங்காடிக்குள் நுழையும்போது, அதன் கண்மட்டத்தில் அதே பொருள் சலுகை அட்டையுடன் நிற்பதைத் தடுக்க எந்த விதியும் இல்லை. பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டியிருந்தால், கடைக்குள் நுழையும் முன்பே "இன்றைக்கு ஒரு பொருள், நீயே தேர்ந்தெடுக்கலாம், ஒன்றுதான்" என்று பேசி வைத்துக்கொள்வது பில் போடும் இடத்தில் மறுப்பதைவிடப் பல மடங்கு எளிது. பருப்பு, அரிசி, காய்கறி வரிசைகளை முதலில் முடித்துவிட்டு, தின்பண்ட வரிசைக்குள் போகத் தேவையிருந்தால் மட்டும் கடைசியில் போகலாம்.

செயலி வழியாக வாங்குபவர்களுக்கும் இதே முறைதான். இலவச விநியோகத்துக்குப் பில் தொகையை எட்டச் சொல்லி, கடைசித் திரையில் செயலி காட்டும் பொருள்களே அங்குள்ள பில் போடும் இடம். பொருளைக் கூடையில் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பட்டியலோடு ஒப்பிட்டு, பிறகு பணம் செலுத்துங்கள். செயலியில் எந்தத் தலைப்பின் கீழ் ஒரு பொருள் இருக்கிறது என்பதை நம்ப வேண்டாம். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற பிரிவிலிருந்து நீக்குமாறு இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது. அதே ஆண்டு நவம்பரில், வீட்டுக்கு வந்து சேரும்போது உணவுப் பொருளின் ஆயுளில் குறைந்தது 30 சதவீதமோ, காலாவதிக்கு 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அறிவுறுத்தியது. சலுகையில் வந்த பெட்டியைத் திறந்ததும் முதலில் தேதியைப் பாருங்கள்; குறைவாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

கேட்க வேண்டிய இடத்தில் கேட்டல்

அட்டையில் ஒரு விலையும் பில்லில் ஒரு விலையும் இருந்தாலோ, எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினாலோ, எடை குறைந்தாலோ, பில்லையும் பாக்கெட்டின் படத்தையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைச் செயல்படுத்துவது தொழிலாளர் துறை; அங்கும் எழுதலாம்.

புகாரைவிட அதிகப் பலன் தரக்கூடியது உங்கள் பகுதிக் கடை உரிமையாளரிடம் பேசுவது. நல்ல உணவின் விலை குறைந்தால் மக்கள் அதைக் கூடுதலாக உண்கிறார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹாம்ப்டன் மாவட்டத்தில், அரசின் உணவு உதவி பெறும் குடும்பங்கள் காய்கறி, பழத்துக்குச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் அவர்கள் கணக்கில் திருப்பி வரவு வைக்கப்பட்டது. 2011, 2012-இல் நடந்த இந்தச் சோதனையில், அந்தச் சலுகை பெற்றவர்கள் பெறாதவர்களைவிட அந்தக் காய்களையும் பழங்களையும் ஏறத்தாழ 26 சதவீதம் கூடுதலாக உண்டார்கள். விலைச் சலுகை என்ற கருவி கெட்டதல்ல. எந்தப் பொருளுக்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் அதன் நன்மையும் தீமையும் இருக்கின்றன.

ஆகவே கடைக்காரரிடம் போகும்போது குறிப்பாகக் கேளுங்கள். "பில் 1,500 ரூபாயைத் தாண்டினால் சர்க்கரைக்குப் பதிலாக ஒரு கிலோ கொண்டைக்கடலையோ ஒரு டஜன் வாழைப்பழமோ தர முடியுமா? பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் கடலை மிட்டாயும் வாழைப்பழமும் வைக்க முடியுமா? மாலை ஆறு மணிக்கு மேல் கீரைக்கும் காய்க்கும் விலையைக் குறைக்க முடியுமா?" தனியாகக் கேட்பதைவிட, குடியிருப்பு நலச்சங்கத்தின் பெயரால் நாற்பது ஐம்பது குடும்பங்கள் சேர்ந்து, மாதம் எவ்வளவு மளிகை அந்தக் கடையில் வாங்குகிறோம் என்ற தொகையையும் எழுதிக் கொடுத்துக் கேட்டால், கடைக்காரர் உட்கார்ந்து பேசுவார். முதலில் ஒரே ஒரு பொருளுக்கு, இரண்டு மாதத்துக்கு மட்டும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். கொண்டைக்கடலை எத்தனை மூட்டை கூடுதலாகப் போனது என்பதை அவர் கணக்கே அவருக்குக் காட்டிவிடும்.